அடக்க முடியாத சந்தேகம்

பெப்ரவரி 24, திங்கள்

லீவு போட்டுவிட்டு நீதிமன்றத்தில் உட்கார்ந்து, ஓர் உடுப்புத் தோய்க்கும் அறையைப் பற்றி நூற்றெண்பது பக்கம் வாசித்தேன். சுவிஸில் கடைசியாகப் போர் நடந்து நூற்றெழுபது வருடத்துக்கு மேலாகிறது. மிச்சக் கோபத்தை உடுப்புத் தோய்க்கும் அறைகளில் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

நாலு மாடி, எட்டுக் குடும்பம், நிலவறையில் ஒரு மெஷின், ஒரு டிரையர். யாருக்கு எந்த நாள் என்று கதவில் பட்டியல். 2023 நவம்பர் 14 பின்னேரம் டிரையருக்கு மேல் இருந்த ஒரு கூடை உடுப்புத் தீப்பிடித்தது. புகை ஏறி, இரண்டாம் மாடியில் ஒரு வயோதிபர் நாலு நாள் ஆஸ்பத்திரியில். கொளுத்தியவர் முதலாம் மாடித் திருமதி எம். என்பது குற்றச்சாட்டு. கொசோவோவில் பிறந்தவர். இங்கே இருபத்திரண்டு வருடம். துப்புரவு வேலை, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகள். கூடை மூன்றாம் மாடித் திருமதி ஆர். என்பவருடையது. எம்மின் ஈர உடுப்பை முதல் நாள் மெஷினுக்குள்ளிருந்து எடுத்து நிலத்தில் போட்டவரும் அவரே. திருமதி எம்மைக் கண்டதாகச் சொல்லும் ஒரே சாட்சியும் அவரே.

சிறைத்தண்டனை வந்தாலும் பெரும்பகுதி ஒத்திவைக்கப்படும். நாடுகடத்தல் ஒத்திவைக்கப்படாது. தீவைப்புக்கு அது தானாகவே வருகிறது. வழக்குத்தொடுநர் ஏழு வருட நாடுகடத்தல் கேட்கிறார். ஏழு வருடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு மீசையும் வேறு மொழியும் முளைத்துவிடும்.

பெயர்களை எழுதவில்லை. நீதிமன்றத்தின் பெயரையும். உண்மையில் எதையும் எழுதக் கூடாது. ஆனால் இந்த மாவட்டத்தில் தமிழில் எழுதுவது பூட்டிய பெட்டிக்குள் எழுதுவது மாதிரி.

பெப்ரவரி 27, வியாழன்

தமிழ்க் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, கடையில் அடிக்கடி காணும் லக்ஷன். பார்க்கிங் தண்டக் கடிதத்தை பொக்கற்றில் கொண்டு திரிகிறார்.

"குலேந்திரண்ணை, உங்கட கோட்டில ஒரு வசனம் சொல்லிவிடுங்கோவன்."

"நான் அப்பிடியான ஜட்ஜ் இல்லைத் தம்பி. லாயன்ரிஹ்டர். சட்டம் படிக்காத நீதிபதி. படிச்ச ஒருத்தருக்குப் பக்கத்தில நாங்கள் ரெண்டு பேர் இருப்பம்."

"சட்டம் படிக்கேல்லை எண்டா என்னத்துக்கு இருத்தியிருக்கினம்?"

"பொது அறிவுக்கு."

என் கையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்தார். அதில் பூச்சி ஓட்டை.

இங்கே நீதிபதிக் கதிரைகளைக் கட்சிகள் பங்கிட்டுக்கொள்ளும். ஆறு வருடத்துக்கு முன் என் கட்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பெயர் நீளமாகவும் ஜெர்மன் திருத்தமாகவும் உள்ள ஆள். பத்துப் புத்தகத்தைப் பற்றிக் கதைத்தால் பதினோராவதும் படித்திருப்பான் என்று நம்பினார்கள். மாநிலப் பாராளுமன்றம் கையுயர்த்தியது. அன்றிலிருந்து வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் நீதி, மற்ற நாட்களில் ஆஸ்பத்திரி ஸ்டெரியில், கருவிகளைக் கிருமிநீக்கும் பிரிவில், கத்தரிக்கோல் கழுவுவது.

மார்ச் 11, செவ்வாய்

விசாரணை.

எம். மூன்று தடவை பேசியிருக்கிறார், மூன்றும் வேறு. போலீசில்: அன்று நிலவறைக்கே போகவில்லை. வழக்குத்தொடுநரிடம்: காலையில் போனேன், பின்னேரம் இல்லை. இன்று எங்களிடம்: நாலு மணிக்குப் போனேன், சிகரெட் குடிக்க. கணவருக்குத் தெரியாது, விட்டுவிட்டதாகப் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்திருந்தேன். கணவர் பின்வரிசையில் இருந்தார். இப்போது தெரியும்.

திருமதி ஆரும் மூன்று தடவை. "நாலு பத்துக்கு அவர் படியேறி வந்தார், கையில் லைற்றர், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை." பழைய இரண்டு அறிக்கைகளையும் மடியில் விரித்து வைத்து ஒப்பிட்டேன். ஒரு சொல் மாறவில்லை. கமா மாறவில்லை.

தலைமை நீதிபதி தலையை ஆட்டினார். நல்ல சாட்சி. என் பக்கத்தில் இருந்த மற்ற லாயன்ரிஹ்டர் லுகின்பூலும் ஆட்டினார். அவர் கார் பழக்குகிற ஆசிரியர். முப்பது வருடமாக மனிதர்களை பாஸ், ஃபெயில் என்று இரண்டாகப் பிரித்து வருகிறார், பெரிய குழப்பமில்லாமல்.

நான் திருமதி ஆரின் வசனத்தைத் திரும்ப வாசித்தேன். அந்த வசனத்தின் நடை எனக்குத் தெரியும். எங்கே கேட்டேன்? எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியாதா?

1990. அகதிகளை வைத்திருந்த நிலக்கீழ் பங்கர். பெட்டிசத்தார். ஊரில் கச்சேரி என்ற அரச அலுவலகத்துக்கு முன்னால் மேசை போட்டுப் பெட்டிசம், அதாவது மனு, எழுதியவர், இங்கே வந்து எங்களுக்குத் தஞ்ச ‘கேஸ்’ எழுதினார். "மூண்டு தரம் கேப்பாங்கள். மூண்டு தரமும் ஒரே வசனம். ஒரு சொல் மாறினா நீ பொய்யன்." அவர் எழுதித் தந்ததை இன்றைக்கும் தூக்கத்தில் சொல்வேன்: கார்த்திகை பதினேழாம் தேதி, பின்னேரம் நாலரை, சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால், ஆறு பேர், ஒருவனுக்கு இடது கையில் கட்டு.

ஊரில் ஆயுதத்தோடு வந்தவர்கள் என்னைப் பிடித்தது உண்மை. தேதி தெரியாது. எத்தனை பேர் என்று தெரியாது. முகத்தை நிலத்தோடு அழுத்தி வைத்திருந்தபோது நான் எண்ணவில்லை. கட்டுப் போட்ட கை பெட்டிசத்தாரின் கற்பனை. எனக்குத் தஞ்சம் தந்த கடிதம் அந்தக் கையை விசேஷமாகப் பாராட்டியிருந்தது: நேரில் அனுபவித்தவர் மட்டுமே சொல்லக்கூடிய விபரம்.

அதே நாள் அதே இடத்தில் என்னோடு பிடிபட்டவன் இராஜேந்திரன். பெட்டிசத்தாரிடம் போகமாட்டேன் என்றான். எனக்கு நடந்ததை ஏன் இன்னொருத்தன் எழுத வேணும் என்றான். ஒரு தரம் நாலு பேர் என்றான், மறுதரம் ஏழு பேர் என்றான். முக்கிய அம்சங்களில் முரண்பாடு. நிராகரிப்பு. திருப்பி அனுப்ப முதல் பிரான்சுக்கு நழுவி, இப்போது பாரிசுக்கு வெளியே மரக்கறிக் கடை.

அப்படியென்றால் திருமதி ஆர். பொய் சொல்கிறாரா? இல்லை, அப்படியும் இல்லை. பெட்டிசத்தாரிடம் உண்மையிலேயே பிடிபட்டவர்களும் வரிசையில் நின்றோமே.

மார்ச் 12, புதன்

கலந்தாய்வு. சின்ன அறை, ஒரு மேசை, ஜன்னலில் ஒரு கள்ளிச்செடி. தலைமை நீதிபதி, நாங்கள் இருவர், பதிவாளர் இளம்பெண். பதிவாளர் பேனாவை மூடி வைத்திருந்தார். முடிவைத்தான் எழுதுவார், பேச்சை அல்ல.

முதலில் தலைமை நீதிபதி எங்களுக்கு வழி சொன்னார். ஒவ்வொரு வழக்கிலும் சொல்வார். நல்ல மனிதர், பொறுமையாகச் சொல்வார், ரயில் நிலையத்தில் வழி கேட்ட வயோதிபருக்குச் சொல்வது போல. தொடக்கத்திலிருந்து மாறாத வாக்குமூலம் நம்பத்தக்கது. இரண்டு தடவை பொய் சொன்னவர் மூன்றாவதை நம்ப எங்களுக்குக் காரணம் தர வேண்டும். பிறகு சந்தேகம். சந்தேகம் இருந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சாதகம், அது உங்களுக்குத் தெரியும். ஆனால் எந்தச் சந்தேகமும் அல்ல. வெறும் கோட்பாட்டுச் சந்தேகம் எப்போதும் சாத்தியம், அது கணக்கில்லை. கனதியான, அடக்க முடியாத சந்தேகம் மட்டுமே.

அடக்க முடியாத. அந்தச் சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

அடக்க முடியாத சந்தேகம் என்று எனக்கு ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடமாக அடக்கிப் பழகியவன். கடவுள், கட்சி, இரண்டு நாட்டு அரசாங்கம், மனைவி சிவகலாவின் அண்ணர் கொண்டுவந்த வியாபாரத் திட்டம், எல்லாவற்றிலும் சந்தேகம் வந்தது, எல்லாவற்றையும் அடக்கினேன். என்னை மாதிரி ஒருவன் நீதிபதியாக இருந்தால் எல்லோரும் குற்றவாளிகளா? கொஞ்சம் பலவீனமான நரம்புள்ள ஒருவர் இந்தக் கதிரையில் இருந்தால் எம். வீட்டுக்குப் போவாரா?

லுகின்பூல் முதலில். "ஸ்டாப் போர்டில் மூன்று தடவை நிற்காமல் போனவருக்கு நான் லைசென்ஸ் கொடுப்பதில்லை." குற்றவாளி.

என் முறை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரே வசனத்தை மூன்று தடவை மாறாமல் சொன்னார், அது உண்மையில்லை என்றேன்.

தலைமை நீதிபதி மரியாதையாகக் கேட்டார்: "யார் அவர்?"

"ஒரு... தெரிந்தவர்."

"கோப்பில் இருக்கிறாரா?"

"இல்லை."

"கோப்பில் இல்லாத தெரிந்தவர்களை வைத்து நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஹேர் குலேந்திரன். அதுதான் கோட்பாட்டுச் சந்தேகம்."

அவர் சொன்னது சரி. சட்டப்படி முழுக்கச் சரி. அதுதான் பிரச்சினை, எங்கே பிழை என்று என்னால் விரல் வைக்க முடியவில்லை.

அவசரமில்லை, வெள்ளிக்கிழமை காலை தொடர்வோம் என்றார். மத்தியானம் தீர்ப்பு வாசிப்பதாகத் தேதி ஏற்கெனவே கொடுத்தாயிற்று.

மார்ச் 13, வியாழன்

ஸ்டெரி. எங்களோடு வேலை செய்கிற சஜீதா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நிறம் மாறுகிற ஒரு பட்டி வைப்போம். மெஷினின் சூடு சரியாகப் பட்டால் முழுக்கக் கறுக்கும்.

"அண்ணை, இதில ஒரு மூலை கொஞ்சம் மங்கலாக் கிடக்கு. லைற்றாலயோ தெரியேல்லை."

"திருப்பிப் போடு."

"முழுப் பெட்டியுமோ? நாப்பது சாமான்."

"முழுப் பெட்டியும்."

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கத்தரிக்கோலுக்கு ஒரு மங்கல் மூலை போதும். திருமதி எம்முக்கு எத்தனை மூலை வேண்டும்?

மத்தியானம் சாருஜாவுக்குப் போன் எடுத்தேன். மகள் ஃப்ரிபூர்க்கில் சட்டம் படிக்கிறாள், நாலாவது செமஸ்டர்.

"பொதுவா ஒண்டு கேக்கிறன். நீதிபதி மற்ற ரெண்டு பேருக்கும் உள்ளுக்குள்ள சொல்லுற விளக்கம் எங்கயாவது பதியினமோ?"

"அப்பா, நீங்கள் ஒரு கேஸைப் பற்றித்தான் கேக்கிறீங்கள். என்னோட கதைக்கக் கூடாது."

"பொதுவா."

"பொதுவா எண்டு ஆர் வியாழக்கிழமை மத்தியானம் போன் எடுக்கிறது?" ஆனாலும் சொன்னாள். சட்டம் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. ஜூரி உள்ள நாடுகளில் நீதிபதி அந்த விளக்கத்தைத் திறந்த மன்றில் சொல்ல வேண்டும். இரண்டு வழக்கறிஞர்களும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒரு வசனம் பிழைத்தால், அந்த ஒரு வசனத்துக்காகவே மேல்மன்றம் தீர்ப்பை உடைக்கலாம். இங்கேயும் முன்பு சில இடங்களில் ஜூரி இருந்தது, இப்போது இல்லை. "இப்ப கதவைப் பூட்டிப்போட்டுத்தான். தீர்ப்பில காரணம் எழுதுவினம். ஆனா ஆர் ஆருக்கு முதல் என்ன சொன்னது எண்டு வெளியில ஒருத்தருக்கும் தெரியாது."

"வேற ஒண்டு. பொதுவா. ஒருத்தர் பொய் சொல்லிப் பாஸ்போட் எடுத்திருந்தா?"

"எட்டு வருசத்துக்குள்ள கண்டுபிடிச்சாப் பறிக்கலாம். அதுக்குப் பிறகு ஏலாது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆர், அப்பா?"

"பொதுவா."

எனக்குப் பாஸ்போர்ட் கிடைத்தது 2006. சட்டப்படி நான் பாதுகாப்பானவன். என் பொய் காலாவதியாகிவிட்டது, தயிர் மாதிரி.

பறிக்க முடியாது, சரி. ஆனால் பொய் சொல்லி உள்ளே வந்தவன் மற்றவர்களின் பொய்யை நிறுக்கிற கதிரையில் இருக்கலாமா? கட்சி என்ன சொல்லும்? லக்ஷன் என்ன சொல்லுவார்? எங்கள் ஆட்களின் ஒவ்வொரு கேஸையும் பொய் என்று எழுதக் காத்திருக்கிற பத்திரிகைகள்? ஒரு குலேந்திரன் பொய் சொன்னால் நாற்பதாயிரம் பேர் பொய் சொன்னதாகிவிடும். பெட்டிசத்தார் இதற்கு ஒரு வசனம் எழுதித் தரவில்லை.

பின்னேரம் இராஜேந்திரன் எடுத்தான். வியாழக்கிழமை எடுப்பான்.

"என்ன நீதவானே, இண்டைக்கு ஆருக்குத் தூக்கு?"

வழக்கைச் சொல்லவில்லை. நாங்கள் பிடிபட்ட நாளைப் பற்றிக் கேட்டேன். உனக்கு இப்ப ஞாபகம் இருக்கோ, எத்தினை பேர் எங்களைப் பிடிச்சது?

"அஞ்சு" என்றான். பிறகு, "இல்லை, பொறு. மற்ற ஜீப்பில வந்தவங்களையும் எண்ண வேணுமோ?"

"உனக்கு என்னில கோவம் இல்லையோ?"

"என்னத்துக்கு? நீ நல்லாப் பொய் சொன்னாய், நான் உண்மையைக் கேவலமாச் சொன்னன். ரெண்டு பேருக்கும் திறமைக்கு ஏத்த நாடு கிடைச்சுது." சிரித்தான். கடையில் யாரோ முருங்கைக்காய் கேட்டார்கள். வைத்துவிட்டான்.

மார்ச் 14, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

தலைமை நீதிபதி கையெழுத்துக்கான தாளை எடுத்தபோது, "அந்தத் தெரிந்தவர் நான்தான்" என்றேன். வேறு ஒரு முன்னுரையும் வரவில்லை. வீட்டில் குளியலறைக்குள் நின்று மூன்று அழகான வசனம் தயாரித்திருந்தேன். தயாரித்த வசனத்தைச் சொல்லக் கூச்சமாக இருந்தது, இந்த விஷயத்தில்.

பிறகு எல்லாம் கலங்கலாக வந்தது. பங்கரை முதலில் சொன்னேன், பிடித்ததைப் பிறகு, பிறகு திரும்பப் பங்கர். ஆறு பேர் என்று எழுதிக் கொடுத்தார் என்றேன், உண்மையில் எத்தனை என்று லுகின்பூல் கேட்டார், தெரியாது என்றேன். வருடத்தை ஒருமுறை பிழையாகச் சொல்லித் திருத்தினேன். இராஜேந்திரனைச் சொன்னேன். என் ஜெர்மன் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

பதிவாளர் பேனாவின் மூடியைக் கழற்றி, "இதை எழுத வேண்டுமா?" என்றார். பாவம், அவருக்கு வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"இல்லை" என்றார் தலைமை நீதிபதி. கையெழுத்துத் தாளைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். "நீங்கள் இப்போது சொன்னது முன்னுக்குப் பின் முரணாக இருந்தது" என்றார். "நான் ஒரு சொல்லையும் சந்தேகிக்கவில்லை." அதைச் சொன்ன பிறகு தானே அதைக் கேட்டவர் மாதிரி வாயை மூடிக்கொண்டார்.

லுகின்பூல்தான் வழி கண்டுபிடித்தார். பரீட்சைப் பாதையை மனப்பாடம் செய்கிற மாணவர்கள் உண்டாம். ஒரு பிழையும் விடமாட்டார்கள். கார் ஓட்டத் தெரியுமா இல்லையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. "வேறு தெருவில் திருப்பிவிட்டால் இரண்டு நிமிடத்தில் தெரியும்."

சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. வழக்குத் தீர்ப்புக்குப் பழுக்கவில்லை என்று கண்டால் விசாரணையைத் திரும்பத் திறக்கலாம். மத்தியானம் மன்றில் தீர்ப்புக்குப் பதிலாக இன்னொரு தேதி வாசிக்கப்பட்டது. எம். தன் வழக்கறிஞரிடம் ஏதோ கேட்டார். நல்லதா கெட்டதா என்று கேட்டிருப்பார். வழக்கறிஞர் தோளைக் குலுக்கினார்.

வெளியே வரும்போது தலைமை நீதிபதியிடம் பதவி விலகுகிறேன் என்றேன்.

"காரணம் எழுத வேண்டும்."

"எழுதுகிறேன்."

"காரணம் கலந்தாய்வு அறையில் சொல்லப்பட்டது. அது இரகசியம். நீங்களும் எழுத முடியாது, நானும் வாசிக்க முடியாது."

பகிடியா, கருணையா, சட்டமா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றும் ஒரே முகத்தோடு வருகிற நாடு இது.

மார்ச் 15, சனி

சிவகலாவிடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "கேஸ் விஷயம் எண்டா எனக்குச் சொல்லாதேங்கோ, பிறகு நான் கோயிலில ஆருக்கும் சொல்லிப்போடுவன்" என்றாள். நேர்மையான சாட்சி.

ஏப்ரல் 29, செவ்வாய்

திருமதி ஆர். திரும்ப வந்தார். அறுபத்தெட்டு வயது, நீல நிறக் கோட், கைப்பை மடியில். பொய்ச்சாட்சிக்கு ஐந்து வருடம் வரை சிறை என்று சட்டப்படி எச்சரித்தார்கள். நாலாவது தடவையாக எச்சரிக்கப்படுகிறார். நாலாவது தடவையாக அதே வசனத்தைச் சொன்னார்.

நான் கேட்க அனுமதி கேட்டேன். இந்த ஒன்றரை மாதமாக நான் தேடியது, 1990இல் என்னை யாராவது எதைக் கேட்டிருந்தால் நான் விழுந்திருப்பேன் என்பதை.

"திருமதி ஆர்., அப்போது உங்கள் கையில் என்ன இருந்தது?"

"என் கையிலா?"

"நீங்களும் படியில் நின்றீர்களே."

அவர் யோசித்தார். வழக்குத்தொடுநர் நிமிர்ந்தார். "அது அதில் இல்லையே" என்றார் திருமதி ஆர்.

"எதில்?"

"நான் கையெழுத்து வைத்ததில்."

கைப்பையைத் திறந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். போலீஸ்காரர் எழுதி வாசித்துக் காட்டியதை வீட்டுக்குப் போனவுடனே எழுதி வைத்தாராம். ஒவ்வொரு முறையும் வருவதற்கு முதல் நாள் வாசித்துப் பாடமாக்கினாராம். ஒளிக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார். "மாற்றிச் சொன்னால் சிறை என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்களே. நான் ஒரு சொல்லும் மாற்றவில்லை."

நாலு பத்து? தீயணைப்புக்கு அழைப்புப் போனது நாலு இருபது. அதற்குப் பத்து நிமிடம் முன்னா என்று போலீஸ்காரர் கேட்டாராம், இருக்கலாம் என்று திருமதி ஆர். சொன்னாராம், நாலு பத்து என்று எழுதினாராம்.

லைற்றர்? "கையில் ஏதோ மினுங்கியது."

"லைற்றரைக் கண்டீர்களா?"

"லைற்றராகத்தானே இருக்க வேண்டும்" என்றார், எங்களுக்குப் பொது அறிவு இல்லையோ என்று பார்ப்பது போல. "தீப்பிடித்ததே."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னைப் போட்டு உலுப்புகிறது. நான் பெட்டிசத்தாரின் மாணவியைத் தேடிப் போனேன். அங்கே இருந்தது சட்டத்துக்குப் பயந்த ஒரு மனுசி. உண்மை சொல்ல வைக்கத்தான் அந்த எச்சரிக்கை. அது அவரைப் பாடமாக்க வைத்திருக்கிறது. பாடமாக்கியதால் எங்கள் விளக்கத்தின்படி அவர் நல்ல சாட்சி. இது வட்டமா? எங்கே தொடங்கியது? யாரைக் குற்றம் சொல்வது?

ஏப்ரல் 30, புதன்

விடுதலை.

உள்ளே யார் எப்படி என்று இந்தப் பூட்டிய பெட்டிக்குள்ளும் எழுதமாட்டேன். நீண்ட நேரம் எடுக்கவில்லை.

எம். அழவில்லை. மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொன்ன ஆள், தீர்ப்பை வாசித்த பிறகு, "இனி எங்கே கையெழுத்து?" என்று கேட்டார். இல்லை, போகலாம் என்றார்கள். மணிக்கூட்டைப் பார்த்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கணவரும் அவரும் ஒரு முழம் இடைவெளி விட்டு நடந்து போனார்கள். அந்த இடைவெளி சிகரெட்டுக்குரியது. அதற்கு எங்கள் மன்றில் நியாயாதிக்கம் இல்லை.

அவர் கொளுத்தினாரா?

தெரியாது. உண்மையாகத் தெரியாது. முரண்பட்டதெல்லாம் உண்மை என்றால் அது இன்னொரு முட்டாள்தனம். ஒரு பெண்ணைக் காப்பாற்றினேனா, தீ வைத்தவரை அதே கட்டடத்துக்குத் திருப்பி அனுப்பினேனா? புகையால் ஆஸ்பத்திரிக்குப் போன கிழவருக்கு நான் என்ன சொல்வேன்? அடக்கிப் பார்த்தேன். இது அடங்குகிறதில்லை.

மே 1, வியாழன்

ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. கடுகு முடிந்துவிட்டது. லக்ஷன் தண்டத்தைக் கட்டிவிட்டாராம்.

ஆகஸ்ட் 20, புதன்

எழுத்துத் தீர்ப்பு வந்தது. முப்பத்தொரு பக்கம். வழக்குத்தொடுநர் மேன்முறையீடு செய்வதாக அறிவித்திருந்தார், இதை வாசித்த பிறகு கைவிட்டுவிட்டார் என்று பதிவாளர் சொன்னார். எம். இங்கேயே இருப்பார். உடுப்புத் தோய்க்கும் நாள் மட்டும் மாறியிருக்கிறதாம், சமாதானத்துக்காக.

பத்தொன்பதாம் பக்கத்தில் ஒரு பந்தி. மூன்று தரம் வாசித்தேன்.

"வாக்குமூலம் மாறாதிருப்பது அதன் உண்மைக்கு ஓர் அறிகுறியாகலாம். எனினும் மாறாத வாக்குமூலம் பாடமாக்கப்பட்டதாகவும், முரண்பட்ட வாக்குமூலம் உண்மையானதாகவும் இருக்கக்கூடும் என்பதை இந்த மன்று தன் சொந்த அனுபவத்திலிருந்து அறிந்துள்ளது."

மன்றின் சொந்த அனுபவம். அதாவது நான். பெட்டிசத்தாரும் நானும், நிலக்கீழ் பங்கரும், இல்லாத ஒருவனின் கட்டுப் போட்ட கையும். பத்தொன்பதாம் பக்கத்தில், முத்திரையோடு, சுவிஸ் அரசின் அனுபவமாக.

எழுத்துத் தீர்ப்பு இரகசியமில்லை. பெயர் எடுத்துவிட்டு யாரும் வாசிக்கலாம். இராஜேந்திரனுக்குப் போன் எடுத்து வாசித்தேன். தமிழில் சொன்னேன்.

"திருப்பி வாசி."

வாசித்தேன்.

"ரெண்டாவது துண்டை மட்டும்."

"முரண்பட்ட வாக்குமூலம் உண்மையானதாகவும் இருக்கக்கூடும்."

அவன் பகிடி விடுவான் என்று காத்திருந்தேன். கடையில் தராசு சத்தம் கேட்டது.

"அது ஆர் எழுதினது?" என்றான்.

"எங்கட பதிவாளர், ஒரு மனுசி. உன்னைத் தெரியாது."

"தெரியாமலோ எழுதினவ?" என்றான். பிறகு, "சரி, வை. ஆக்கள் நிக்கினம்."

நவம்பர் 4, செவ்வாய்

புது வழக்கு, சைக்கிள் திருட்டுக் கும்பல். கலந்தாய்வு அறை, அதே நாலு பேர். தலைமை நீதிபதி எங்களுக்கு வழி சொல்லத் தொடங்கும் முன் பதிவாளரைப் பார்த்து, "நான் இவர்களுக்குச் சொல்வதை எழுதுங்கள்" என்றார். "கோப்பில் இருக்கட்டும். பிழையென்றால் மேலே உள்ளவர்கள் கண்டுபிடிக்கட்டும்."

அப்படி ஒரு விதி இல்லை. கூடாது என்றும் விதி இல்லைப் போலிருக்கிறது. பதிவாளர் பேனாவைத் திறந்தார்.

மெதுவாகச் சொன்னார், எழுதுகிற வேகத்தில். எழுதப்படுகிறபோது சொற்கள் குறைந்துவிட்டன. ‘அடக்க முடியாத’ என்ற இடத்தில் நின்றார். அது உயர்நீதிமன்றத்தின் சொல், மாற்ற முடியாது, அதனால் அதைச் சொல்லிவிட்டு, "இது ஒவ்வொருவருக்கும் வேறு அளவு என்பதை மறக்க வேண்டாம்" என்று சேர்த்தார். பேனா அதையும் எழுதியது.

முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஹேர் குலேந்திரன், ஏதாவது விடுபட்டிருக்கிறதா?"

யோசித்தேன். ஏதோ விடுபட்டிருக்கிறது. என்னவென்று வரவில்லை.

"தெரியவில்லை" என்றேன்.

"அதையும் எழுதுங்கள்" என்றார் பதிவாளரிடம்.